புது டெல்லியில் மாப்பிள்ளை வீடு பார்த்தது

ஓய்வு பெற்ற சர்வேயருக்கு எதற்குத் தலைநகரம் என்று ஏழு பேர் என்னைக் கேட்டார்கள். அதில் இரண்டு பேர் என் வைத்தியர்கள். ஒருவர் மூட்டுக்கு, ஒருவர் வயிற்றுக்கு. இருவரும் சேர்ந்து ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

போகாமல் முடியவில்லை. என் கடைசி மகள் எஸ்தருக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் பெயர் தேவசகாயம். சொந்த ஊர் வ. புதுப்பட்டி, உத்தியோகம் புது டெல்லியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. தகப்பனார் இல்லை. தாயார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எங்கள் வீடு தேடி வந்து, காப்பியில் சர்க்கரை போதாது என்பதை முகத்தால் சொல்லிவிட்டு, மகன் பெருமையை வாயால் சொன்னார்.

"எம் மவன் பங்களாவுல இருக்கான். வாசல்ல ஆறு தூணு. புல்லுக்குத் தண்ணி விடுததுக்குன்னே ஒரு ஆளு. இங்க மனுசனுக்கே தண்ணியக் காணோம்!"

எஸ்தர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பகலெல்லாம் பேசுகிறவள் வீட்டில் பேசுவதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவி காலமானதற்குப் பிறகும் சரி, அதற்கு முன்பும் சரி, எங்கள் வீட்டில் மௌனத்துக்கெல்லாம் அதுதான் அர்த்தம்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இருவர் பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். ஓலை வாசிப்பது என்று பெயர். பையனுக்கு வருடத்தில் ஒரே மாதம்தான் லீவு என்பதால் நாள் நெருக்கடி. குருவானவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "நீங்கள் டெல்லி போய்ச் சேருகிற வாரத்து ஞாயிறு முதல் ஓலை. சனிக்கிழமைக்குள் சரி என்று தந்தி வரவேண்டும். வராவிட்டால் வாசிக்கமாட்டேன். ஆனால் வாசித்தபின் நிறுத்தினால், ஐயா, பெண்ணுக்கு நல்லதல்ல." பெண்ணுக்கு நல்லதல்ல என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். நான் எண்ணினேன்.

துணைக்கு என் மனைவியின் தம்பி ஞானமுத்து வந்தான். ராஜபாளையத்தில் பஞ்சு அரைக்கிற மெஷின்களுக்குத் தோல் பெல்ட் விற்கிறவன். கூடவே எழுபத்திரண்டு சப்பட்டை மாம்பழமும் வந்தது, ஒரு கூடையில், வைக்கோல் போட்டு. டெல்லி சேர்ந்தபோது கூடையில் நாற்பத்தொன்பது இருந்தது. மீதியை எலி தின்றிருக்கும் என்று ஞானமுத்து சொன்னான். அவன் சட்டைப் பையில் மூன்று கொட்டை இருந்ததையும் எலிதான் வைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வந்து இறங்கினோம். தேவசகாயம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். மெலிந்த பையன், நல்ல நெற்றி, மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் குறைவான கோட்டு. என் பெட்டியை அவனே எடுத்தான். எடுத்தபிறகுதான் அதன் கனம் தெரிந்திருக்கும். ஆனாலும் கீழே வைக்கவில்லை. அதற்கு மனத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டேன்.

டோங்கா என்கிற குதிரைவண்டியில் ஏறினோம். அதில் பின் ஆசனக்காரன் பின்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும். வயதுக்கு மரியாதை என்று என்னைப் பின்னால் உட்கார்த்திவிட்டார்கள். ஆகையால் தலைநகரத்தை நான் பார்த்தது முழுவதும், அதை விட்டுப் போய்க்கொண்டிருப்பவன் பார்ப்பதுபோல. பழைய டெல்லியின் சத்தமும் மாடும் மனிதனும் சாக்கடையும் என் கண்ணெதிரே சிறிதாகிக்கொண்டே போய் மறைந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. மரங்கள் இருந்தன. எல்லா மரமும் ஒரே வயது, ஒரே உயரம், பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளைகள்போல ஒரே இடைவெளி. அரை மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மரம் எண்ணினேன். அவற்றின் கீழே நின்றவர்கள் ஐந்து பேர். அதில் இருவர் போலீஸ்காரர்.

நாலு ரோடு சேருகிற இடமெல்லாம் ஒரு வட்டம் போட்டு நடுவே புல் வளர்த்திருக்கிறார்கள். நேராகப் போகவேண்டியவன் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். முப்பத்தோரு வருடம் கான்சாபுரத்திலிருந்து மம்சாபுரம் வரை சங்கிலி பிடித்து நேர்கோடு போட்டவன் நான். வரப்பு ஒரு முழம் வளைந்தாலும் இரண்டு குடும்பம் வெட்டிக்கொள்ளும் பூமி அது. இங்கே சர்க்காரே வளைத்து வைத்துவிட்டு அதற்குக் காவலும் போட்டிருக்கிறது.

"எத்தன வட்டம் அத்தான்?" என்று முன்னாலிருந்து ஞானமுத்து கேட்டான்.

"ஒன்பது."

"எனக்குத் தலை பதினெட்டு சுத்து சுத்திருச்சு. சுக்குக்காப்பி குடிக்க ஒரு கடை உண்டா, மாப்ள?"

"இந்தப் பக்கம் கடை வைக்க விடமாட்டாவ" என்றான் தேவசகாயம்.

"பொறவு இம்புட்டு நீளத்துக்கு ரோடு போட்டு, என்னத்த வாங்கப் போறாவ?"

பங்களா வந்தது. புதுப்பட்டி அம்மாள் ஒரு தூணைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, ஆறுதான். வெள்ளைச் சுவர், முன்னால் புல், புல்லுக்குத் தண்ணீர் விடும் ஆள். வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி அதன்மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் அவன் கொட்டுகிற தண்ணீரில் எங்கள் தெரு ஒரு வாரம் குடிக்கும். உள்ளே மின்சார விசிறி சுற்றியது. என் மூட்டு வைத்தியர் விசிறிக்காற்று ஆகாது என்று சொல்லியிருக்கிறார். அவர் இந்த வெயிலைப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வீடு பார்த்தோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பெண் வீட்டார் கேள்வி கேட்கக்கூடாது. கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று அர்த்தம். பையன் வீட்டார் விளக்கம் சொல்லக்கூடாது. சொன்னால் பீற்றிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். பார்க்க வந்தவர் சும்மா நடப்பதுபோல் நடந்து, கண்ணாலேயே எண்ணிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இப்படி ஒரு முறை இருப்பதற்காகவே என்னைப்போன்றவனைக் கடவுள் படைத்திருக்கிறார்.

தேவசகாயம் ஆபீஸுக்குப் போனபிறகு நடந்தேன். அறை எட்டு. கதவு இருபத்திரண்டு. ஜன்னல் முப்பத்தொன்று. குளிக்கிற அறை மூன்று. மூன்று பேர் ஒரே சமயத்தில் குளிக்கிற குடும்பத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. நாற்காலிகள் இருபத்தாறு, எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. பையன் அதில் ஒன்றிலும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. சாப்பிட்ட தட்டைப் பின்புறக் குழாயில் அவனே கழுவினான். இரவில் கயிற்றுக் கட்டிலைப் பின் வராந்தாவில் போட்டுப் படுத்தான். தோட்டக்காரன் அவனை 'சாகிப்' என்னாமல், குமாஸ்தாக்களைக் கூப்பிடுகிற 'பாபு' என்றுதான் கூப்பிட்டான்.

இதையெல்லாம் பார்த்தேனா என்றால், பார்த்தேன். என்ன முடிவுக்கு வந்தேன் என்றால், எளிமையான பையன், பொருளை அழுக்காக்காதவன், இருபத்தாறு நாற்காலி இருந்தும் தலைக்கனம் இல்லாதவன் என்ற முடிவுக்கு வந்தேன். அன்றே எஸ்தருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். தூணிலிருந்து ஜன்னல் கொக்கி வரை எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை கொடுத்து, பூகோளப் பாடத்துக்கும் உதவும் என்று ஒரு வரி சேர்த்து, நானே நடந்துபோய்த் தபாலில் போட்டேன். தபால் பெட்டிவரை எழுநூற்றுப் பத்து அடி. வழியில் ஒரு மனிதன்கூட இல்லை.

சாப்பாட்டைப்பற்றி ஒரு வார்த்தை. பங்களாச் சமையல்காரன் எங்கள் இருவருக்கும் தினம் இரண்டு வேளை ரொட்டி போட்டான். முதல் ரொட்டி சூடாக, மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. நாலாவது நாளுக்குள் என் வயிறு தன் பழைய பாஷையில் பேசத் தொடங்கிவிட்டது. சோறு கேட்டோம். கொண்டுவந்தான்; ஒவ்வொரு பருக்கையும் அரை அங்குலம் நீளம், ஒன்றோடொன்று ஒட்டாமல், இந்த ஊர் வீடுகள்போலவே தனித்தனியாக நின்றது. புளி என்ற சொல் அவனுக்குத் தெரியவில்லை. முகத்தைச் சுளித்து ஞானமுத்து நடித்துக் காட்டினான். சமையல்காரன் போய்ப் பேதிமருந்து கொண்டுவந்தான்.

புதன்கிழமை ஞானமுத்து கடைவீதி பார்த்தே தீரவேண்டும் என்றான். கன்னாட் பிளேஸ் என்று ஒன்று இருக்கிறது. கடைகளையும் வட்டமாகவே கட்டியிருக்கிறார்கள். வெள்ளைத் தூண்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். நூற்று நாற்பதில் ஞானமுத்து ஒரு கண்ணாடிக்குள் இருந்த துரைசானிகளின் தொப்பியைக் காட்டி, "அத்தான், இது தின்னுததா, மாட்டுததா?" என்று கேட்டான். எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வட்டமாயிற்றே, முதல் எங்கே என்று தெரியவில்லை. ஒரே தொப்பியை மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் சுற்றிச்சுற்றி வந்திருப்பது தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வழி தப்பினால் நிமிர்ந்து பார்த்தால் போதும். பதினொரு நிலைக் கோபுரம் நிற்கும். நான் அந்தக் கோயிலுக்குக் கும்பிடப் போகிறவன் அல்ல. ஆனால் அறுபது வருடமாக வீடு திரும்ப அதைத்தான் நம்பியிருக்கிறேன். இங்கே நிமிர்ந்தால் வானம்தான் இருந்தது. அது கொதித்துக்கொண்டிருந்தது.

"ஒம்மால நேரா ஒரு ரோட்டக் கண்டுபிடிக்க முடியல, நீரு சர்வேயரு!" என்றான் ஞானமுத்து.

"நேரான ரோடு இருந்தால்தானே கண்டுபிடிக்க!" என்றேன். நாங்கள் கொஞ்சம் உரக்கத்தான் பேசியிருக்க வேண்டும். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி எங்கள் பக்கம் வந்தார். கும்பகோணத்துக்காரர், பன்னிரண்டு வருடமாக இங்கே குமாஸ்தாவாக இருக்கிறாராம். தமிழில் திட்டுகிற சத்தம் கேட்டால் யாரோ நம் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நின்றுவிடுவாராம். எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டார். ரோட்டின் பெயரைச் சற்று மிடுக்கோடு சொன்னேன். மாப்பிள்ளை ஆகப்போகிறவர் வீடு, குமாஸ்தா என்றும் சேர்த்தேன்.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"அந்த ரோட்டிலே குமாஸ்தா யாரும் கிடையாதே ஐயா. இருக்க விடமாட்டான். இந்த ஊர்லே சம்பளத்துக்குத் தகுந்த வீடு, வீட்டுக்குத் தகுந்த ரோடு. ஒருத்தரைப் பார்த்து என்ன உத்தியோகம்னு கேட்கவே வேண்டாம். வீட்டு வாசலைப் பார்த்தாப் போதும். ஆறு தூண்னா பெரிய அதிகாரி. குமாஸ்தாவுக்கெல்லாம் அதோ அந்தப் பக்கம், சதுரம் சதுரமாக் கட்டின லைன் வீடு. எனக்கும் அங்கேதான். தூண் கிடையாது." கொஞ்சம் யோசித்து முடிச்சை அவரே அவிழ்த்தார். "ஓ, சரி சரி. பெரியவாள்ளாம் கோடைக்கு சிம்லா மேலே போயாச்சு. ஆறு மாசம் ராஜாங்கமே அங்கேதான். ஃபைல், டைப் மெஷின், சேவகன் எல்லாம் மலை ஏறியாச்சு. வீட்டைப் பார்த்துக்க நம்பிக்கையான கீழாள் யாரையாவது விட்டுட்டுப் போவா. உங்க பையன் நல்ல பையன்னு அர்த்தம்."

அந்தக் கடைசி வாக்கியம் அப்போது என் காதில் விழவில்லை. என் நாலு பக்கக் கடிதம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. ஆறு தூண், எட்டு அறை, முப்பத்தொரு ஜன்னல், அவ்வளவும் வேறொருவன் வீட்டுக் கணக்கு.

சாயங்காலம் தேவசகாயம் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து நிறுத்துவதற்குள் நான் வாசலில் நின்றேன். முறையாவது மண்ணாவது என்று மூன்று நாளில் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"தம்பி, இது யார் வீடு?"

"எங்க ஆபீஸ் பெரியவரோடதுய்யா" என்றான் உடனே. "அவிய குடும்பத்தோட சிம்லாவுக்குப் போயிருக்காவ. ஐப்பசி வரைக்கும் என்னயப் பாத்துக்கிடச் சொல்லியிருக்காவ. ஏன்யா, அம்மா சொல்லலியா?"

"சொன்னார்கள். ஆறு தூண் என்று சொன்னார்கள்."

பையன் முகம் வெளிறிப்போயிற்று. "நான் எல்லாத்தையும் அம்மாவுக்கு எழுதினேனேய்யா. ஒண்ணுக்கு நாலு காயிதம். பொண்ணு வீட்டுல வயசானவிய வாராவ, வெயிலு தாங்காது, நம்ம லைன் வீட்டுல விசிறி கெடையாது, அதனால இங்கன தங்க வைக்கட்டுமான்னு பெரியவர் கிட்டயும் எழுதிக் கேட்டுத்தான் தங்க வச்சேன்."

"புதுப்பட்டி மதினி காயிதத்துல பங்களாங்கிற எடம் வரைக்கும் வாசிச்சிருப்பாவ" என்றான் ஞானமுத்து. "அதுக்குக் கீழ எழுதுனதெல்லாம் தண்டம்."

"நீ ஏன் சொல்லவில்லை?" என்று கத்தினேன்.

"நீங்க கேக்கலியேய்யா. வீடு பாக்க வந்தவிய கேக்காம நான் வாயத் தொறந்தா என்ன நெனப்பீய? நீங்க பேசாமப் பாத்துக்கிட்டு வந்தீய. தெரிஞ்சுதான் பாக்கீயன்னு நெனச்சேன். ஆனா, அடுத்தவிய வீட்டு ஜன்னல எதுக்கு எண்ணுதீயன்னு மட்டும் புரியல."

ஞானமுத்து சிரிப்பை அடக்கிக்கொள்ள உள்ளே போனான். அவன் அடக்கவில்லை, எட்டு அறையிலும் கேட்டது.

அன்றே 'வேண்டாம்' என்று தந்தி அடிக்கப் புறப்பட்டேன். தந்தி ஆபீஸ் மூடியிருந்தது. அந்த ஆபீஸ்காரருக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை.

வியாழக்கிழமை லைன் வீட்டைப் பார்க்கக் கிளம்பினோம். முடியாது என்றுதான் சொன்னேன். "ஏமாத்துனது ஒமக்கு யாருன்னு தெரிய வேண்டாமா? வாரும்" என்று ஞானமுத்து இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கு அங்கே சோறு கிடைக்கும் என்று மூக்கில் வேர்த்திருக்க வேண்டும்.

நடுவில் சதுரமாகப் புல். நாலு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடு. எல்லாக் கதவும் ஒரே பச்சை. ஒரு சதுரத்தில் நாற்பத்து நாலு கதவு. ஆனால் இங்கே மனிதர்கள் இருந்தார்கள். ஒரு வங்காளி அம்மாள் மீன்காரனோடு சண்டை போட்டாள். ஒரு சர்தார்ஜி தலைமுடியைக் காயவைத்தபடி பேப்பர் படித்தார். நாலைந்து பாஷையில் பிள்ளைகள் அழுதார்கள். அழுகை மட்டும் எங்கள் ஊர் அழுகைதான். நாலு நாளில் முதல் தடவையாக ஓர் ஊருக்குள் நிற்பதுபோல் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள நான் வரவில்லை என்பதால் வெயிலைப்பற்றிக் குறை சொன்னேன்.

தேவசகாயம் இன்னும் இரண்டு பிரம்மச்சாரிக் குமாஸ்தாக்களோடு அந்த வீட்டைப் பங்கிட்டிருந்தான். கல்யாணமானால் அவர்கள் வேறிடம் போய்விடுவார்களாம். அறை இரண்டு. கதவு நாலு. ஜன்னல் மூன்று. முற்றம் பன்னிரண்டடிக்குப் பத்தடி. குழாய் ஒன்று. தூண் இல்லை. முன்னறையில் எங்களை உட்காரவைத்து அவனே சமைத்துக் கொண்டுவந்தான். அரை நாள் லீவு போட்டிருந்தான். குழைந்த சோறு, புளி ரசம், பருப்புத் துவையல், அவன் தாயார் ஊரிலிருந்து அனுப்பிய சுண்டை வற்றல். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். ஞானமுத்து வாங்கியதை எண்ணவில்லை. சாப்பிடுகிறவனை எண்ணுவது அநாகரிகம்.

சாப்பிட்டபின் கோபம் பாதியாகிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு, "சரி, போனது போகட்டும். நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்லித் தந்தி கொடுக்கிறேன்" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு.

பையன் கை துடைத்த துண்டை மடித்துக்கொண்டே, "வேண்டாம் மாமா" என்றான். அதுவரை ஐயா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன வேண்டாம்?"

"ஒங்க பொண்ணு கிட்டக் கேக்காம ஓலை வாசிக்க வேண்டாம். இந்த வீடுன்னு அவியளுக்குத் தெரியாது. நீங்க எழுதுன காயிதத்துல ஆறு தூணு இருக்கு. இன்னொண்ணும் இருக்கு. அடுத்த வருசம் மேல சிம்லாவுக்குப் போற முறை எனக்கு. எங்க சம்பள வகுப்புக்கு அங்க குடும்ப வீடு கெடையாது. ஆறு மாசம் இந்த வீட்டுல அவிய ஒத்தயில இருக்கணும். பாசை தெரியாது. தெரிஞ்சு சரின்னு சொன்னா வாசிங்க. தெரியாமச் சொன்ன சரி எனக்கு வேண்டாம்."

"பெண்ணைக் கேட்டு எங்கள் வீட்டில் எதுவும்..." என்று தொடங்கினேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களும் பெண்ணின் தகப்பனும் எண்ணாத ஓர் ஆளை இவன் எண்ணியிருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. அவனைப் பிடித்துப்போயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை தந்தி கொடுத்தேன். தந்தி இங்கிலீஷில், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பங்களா மேலதிகாரியுடையது. பையன் வீடு இரண்டு அறை ஒரு குழாய். அடுத்த வருடம் ஆறு மாதம் நீ தனியே. சம்மதமா." என் மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கேள்விக்குறி போடத் தந்திக்காரர் மறந்துவிட்டார். அல்லது நான் மறந்துவிட்டேன்.

அன்று முழுவதும் விசிறிக்கடியில் உட்கார்ந்து, அழமாட்டாள், எதிர்த்தும் பேசமாட்டாள், வேண்டாம் என்று ஒரு சொல் வரும், ஞாயிறு ஓலை இல்லை, ஊரில் என்ன சொல்வது என்று காரணங்கள் யோசித்தேன். ஆறு காரணம் கிடைத்தது. சாயங்காலம் பதில் வந்தது. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

"அடுப்படிக்கு ஜன்னல் உண்டா."

எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் ஜன்னல் மூன்று என்று எண்ணியவன் நான். முன்னறையில் ஒன்று, பின்னறையில் இரண்டு. அடுப்படிக்குள் தலையை நீட்டவே இல்லை. விருந்தாளி எதற்கு அடுப்படிக்குப் போகவேண்டும்? பங்களாவில் எண்ணிய முப்பத்தொன்றிலும் அடுப்படி ஜன்னல் சேரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் லைன் வீட்டுக்குப் போனோம். முந்திய இரவு அங்கேயே தங்கிவிட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த தேவசகாயத்திடம் தந்தியைக் கொடுத்துவிட்டு நேரே அடுப்படிக்குள் நுழைந்தேன். ஆறடிக்கு ஐந்தடி. ஒரு கதவு. கூரைக்குக் கீழே புகை போக ஒரு செங்கல் அளவு ஓட்டை. சுவரெல்லாம் கரி. கால் நாழிகை நின்றிருப்பேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. அடுப்பு எரியவுமில்லை.

"இங்கே நின்று யாரால் சமைக்க முடியும்?" என்றேன். "எந்த மடையன் கட்டினான் இதை? நானூறு மரம் நட்டவனுக்கு ஒரு ஜன்னல் வைக்கத் தெரியவில்லையா? நம் வீட்டில்..."

அங்கே நிறுத்தினேன். ஞானமுத்து கதவில் சாய்ந்து நின்றிருந்தான். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"சொல்லும் அத்தான். ஒம்ம வீட்டு அடுப்படிக்கு ஜன்னல் உண்டா?"

நாற்பத்தோரு வருடமாக இருக்கிற வீடு. மாடிப்படி, தூலம், ஓடு, எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

"இல்ல" என்றான் அவனே. "எங்க அக்கா கேட்டா. நான் வரும்போதெல்லாம் சொல்லுவா. அத்தான் கிட்டச் சொல்லு, ஒரு ஜன்னல் வச்சுத் தரச் சொல்லுன்னு. நான் சொன்னேன். மழ முடியட்டும்னீரு. பொறவு அறுப்பு முடியட்டும்னீரு. பொறவு அவ கேக்கல."

அது எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை. எத்தனை முறை என்றும் கேட்கவில்லை.

தந்தி ஆபீஸில் "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் கொடுத்தோம். வேறு எதையும் சேர்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பிறகு அந்த லைன் வீட்டிலேயே காத்திருந்தோம். சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ் என்பதால் தேவசகாயம் மத்தியானமே வந்துவிட்டான். வந்தவன் அரிசி களைந்தான். ஒரே அரிசியை நாலு தடவை களைந்தான்.

ஐந்து மணிக்குத் தந்திச் சேவகன் வந்தான். பையன் வாங்கிப் பிரிக்கவில்லை, என்னிடம் நீட்டினான். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டு, உரக்கப் படித்தேன்.

"ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டேன். ஜன்னல் வைக்க வேண்டும்."

"அப்படிப் போடு!" என்று ஞானமுத்து என் முதுகில் அறைந்தான். மூட்டு வைத்தியர் இதற்கும் ஏதாவது சொல்வார்.

தேவசகாயம் அடுப்படிக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தான். பிறகு சந்தோஷம் போய்க் கவலை வந்தது, குமாஸ்தா அல்லவா. "மாமா, இது கவர்மெண்டு சுவருல்லா. ஒரு ஆணி அடிக்கவே மனு எழுதணும். மனு மேல சிம்லாவுக்குப் போவும். அங்கன இருந்து ஆளு வந்து பாத்து, படம் போட்டு, பொறவு அடுத்த கோடைக்கு..."

"மழை முடியட்டும் என்று பதில் வரும்" என்றேன். "மனுவெல்லாம் வேண்டாம்."

அடுப்பிலிருந்து ஒரு கரிக்கட்டியை எடுத்தேன். கிழக்குச் சுவர் முற்றத்தைப் பார்த்தது. காற்று அங்கிருந்துதான் வரும். தரையிலிருந்து மூன்றடி உயரம் கையால் அளந்தேன். அகலம் இரண்டடி, உயரம் மூன்றடி. சங்கிலியும் இல்லை, அளவுகோலும் இல்லை. நாலு கோடு போட்டேன். சுவரின் மேடுபள்ளத்தில் இடது பக்கக் கோடு வளைந்துவிட்டது. அழித்து நேராக்கலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன்.

"கொத்தன் யாராவது இருக்கிறானா இந்த ஊரில்?" என்று கேட்டேன். "திங்கட்கிழமை நான் இங்கேதான் இருப்பேன்."